எடுக்காத தண்ணீர்

“எப்ப எடுத்தது?”

அந்த அம்மாள் என்னிடம் முதன்முதலாகப் பேசியது இந்த இரண்டு வார்த்தைதான். ஜவ்வாது மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் ஆய்வக நுட்புநராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. தன் அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்திருந்தார். நான் நீட்டிய ரத்தச் சர்க்கரைச் சீட்டை வாங்கியவர் அதிலிருந்த எண்ணைப் பார்க்கவில்லை. மேல் மூலையைப் பார்த்தார், கீழ் மூலையைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“இப்பதாம்மா எடுத்தேன். அர மணி நேரம் ஆவுது.”

“அது தெரியுது தம்பி. சாப்ட்டப்புறமா, சாப்புடாமயா? அத எழுதலியே.”

எனக்குச் சுருக்கென்றது. நான் போளூர்ப் பக்கத்து ஆள். படித்துப் பட்டம் வாங்கி வெள்ளைக் கோட்டு மாட்டி உட்கார்ந்திருக்கிறேன். அவர் ரப்பர் செருப்பும் துணிப் பையுமாக நிற்கிறார், பேச்சைக் கேட்டாலே நெல்லிவாசல்நாட்டு மலையூர்க்காரர் என்று தெரிகிறது. முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. இவர் என்ன எனக்குப் பாடம் நடத்துவது? “அடுத்த ஆளுக்கு வழி வுடும்மா” என்றேன். அவர் நகரவில்லை. என் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, சீட்டின் ஓரத்தில் ‘கூழ் குடித்து ஒரு மணி நேரம் கழித்து’ என்று எழுதி, மணியும் போட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டுத்தான் போனார்.

“அவங்க யாருன்னு தெரியாதா சார்?” என்று நர்ஸ் சிரித்தார். “பூமிக்கு அடியில பனிக்கட்டி தேசம் கீதே, அங்க ஒரு வருசம் இருந்துட்டு வந்தவங்க. கடல் தண்ணியில கிருமி எண்ணுறவங்க.”

நான் நம்பவில்லை. பிறகு அது உண்மை என்று தெரிந்தபோது கோட்டைக் கழற்றி ஒளித்து வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. இப்போது அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தச் சர்க்கரைச் சீட்டு இல்லை. நான் போட்ட ஒரு கையெழுத்து. அதற்கு வருகிறேன்.

அந்த அம்மாள் தன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று, கடல் ஆராய்ச்சி வேலையிலிருந்து நீண்ட விடுப்பில் ஊருக்கு வந்திருந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. தன் ஊர் ஊற்றுத் தண்ணீரை வாரா வாரம் சோதிக்க ஆரம்பித்தார். அதற்கான குப்பிகளைக் கேட்டு என்னிடம் வருவார். சின்னக் கண்ணாடிக் குப்பி, உள்ளே மருந்து தடவிய தாள். தண்ணீரை ஊற்றி மூடி வெதுவெதுப்பில் வைத்திருந்தால், மனிதக் குடலிலிருந்தோ மாட்டுக் குடலிலிருந்தோ வந்த கிருமி அதில் இருந்தால் தண்ணீர் கறுத்துவிடும். ஒரே நாளில் கறுக்கலாம், இரண்டு நாளும் ஆகலாம். மலைக் குளிரில் குப்பியை வெதுவெதுப்பாக எங்கே வைப்பது என்று நான் கேட்டேன். சூடேற்றும் பெட்டிக்குக் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று அந்த மின்கம்பிக்கே தெரியாது.

“வயித்துல இருந்து வந்த கிருமி வயித்துச் சூட்டுலதான தம்பி வளரும்?” என்று சொல்லிவிட்டு, குப்பியை ஒரு பழைய துணியில் சுற்றி வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். அப்படியே சாமை குத்துவார், அப்பாவைக் குளிப்பாட்டுவார், ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு வருவார். புதன்கிழமை காலை ஏழு மணி என்றால் ஏழு மணி. மழையோ வெயிலோ ஊற்றுக்குப் போய்விடுவார். “பாப்பா ஊத்துக்கு மாப்ள பாக்கப் போவுது” என்று ஊரில் கேலி செய்வார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் நேரம் மாறாது.

இந்தக் கட்டிக்கொள்ளும் பழக்கம் பனியில் வந்தது என்று ஒருநாள் சொன்னார். அங்கே கடலே உறைந்து கெட்டியாகிவிடுமாம். அதில் துளை போட்டு, கீழே இருக்கும் தண்ணீரை எடுப்பார்களாம். அடுத்த வாரம் போனால் துளை மூடியிருக்கும், மறுபடி வெட்ட வேண்டும். எடுத்த தண்ணீர் நிலையத்துக்கு வந்து சேர்வதற்குள் உறைந்துவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் வெடித்துச் செத்துப்போகும். அதனால் பாட்டிலைக் கோட்டுக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு நடப்பாராம். வந்து, மெல்லிய தாளில் வடிகட்டி, அந்தத் தாளைப் பத்திரப்படுத்துவாராம்.

“அவ்ளோ குளுர்ல இன்னாங்க்கா உயிரோட இருக்கும்?” அதற்குள் நான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன்.

“ஊரே இருக்கும். ஆனா ஒரே ஊர் இல்ல.” அவர் முகம் மாறிவிடும் இதைச் சொல்லும்போது. “கோடையில சூரியன் அடங்காது. தண்ணியில பாசி கிளம்பும், கடலே பச்சையா ஆயிடும். அந்தப் பாசி விட்டது, செத்தது, அதத் தின்ன ஒரு கிருமிக் கூட்டம் வரும் பாரு, கல்யாணப் பந்தி மாதிரி. அப்பறம் ரெண்டு மாசம் இருட்டு. பாசி இல்ல, பந்தி இல்ல. அந்தக் கூட்டம் ஒடுங்கிடும். கோடையில மூலையில கிடந்த வேற சில வகை தலையெடுக்கும். அதுங்களுக்குப் பந்தி வேணாம். தண்ணியில கரைஞ்ச துளி அமோனியா போதும். அதே எடம், அதே ஆழம். அங்க ஜனவரிதான் கோடை. ஜனவரில வந்து பாத்தவனும் ஜூலைல வந்து பாத்தவனும் சண்டையே போட்டுக்குவாங்க, நீ பாத்தது என் கடல் இல்லன்னு.”

“தண்ணிய பாத்தா தெரியுமா?”

“பாத்தா எதுவும் தெரியாது. குளிர்காலத்துல கண்ணாடி மாதிரி இருக்கும்.”

அந்தக் கடலில் அவருக்கு ஒரு வழக்கு இருந்தது. இருட்டு முடிந்து சூரியன் எட்டிப் பார்க்கும் சமயம். அப்போது குளிர்காலக் கூட்டம் எந்த நாளில் ஒடுங்க ஆரம்பிக்கிறது என்பதைப் பிடிக்கத்தான் ஒரு வருடம் முழுக்க அங்கே போய்க் கிடந்தார். சரியாக அந்த நேரத்தில் பனிப்புயல் வந்து மூன்று வாரம் யாரும் கதவைத் திறக்கவில்லை. புயல் ஓய்ந்து அவர் துளை போட்டுப் பார்த்தபோது கூட்டம் மாற ஆரம்பித்துவிட்டிருந்தது. எப்படி மாறியது என்பது அந்த மூன்று வாரத்தில் போய்விட்டது. அவருடைய நோட்டில் அந்த மூன்று வாரக் கட்டங்களிலும் ‘எடுக்கவில்லை’ என்று எழுதியிருந்தது.

அவர் ஊருக்கு மேலே ஒரு பாறை உண்டு, அதில் ஏறினால்தான் போனில் டவர் கிடைக்கும். ஒருமுறை குப்பி கொடுக்கப் போனபோது நானும் பாறையில் இருந்தேன். அவருடைய மேலதிகாரி பேசினார். காற்றுச் சத்தத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாம் எனக்கும் கேட்டது. இரண்டு பக்கத்து அளவையும் வைத்துக் கணக்குப் போட்டால் நடுவில் என்ன இருந்திருக்கும் என்று தெரியாதா, வரைபடத்தில் மூன்று புள்ளி வைத்துவிட்டால் கட்டுரை முழுசாக இருக்கும், ஒரு வருட உழைப்பு, எல்லாருடைய உழைப்பும் என்றார். கெட்ட குரல் இல்லை. அலுத்துப்போன குரல்.

“கோடு போட்டுக்கோங்க சார். அது யூகம்னு படிக்கிறவங்களுக்குத் தெரியும். புள்ளி வைக்காதீங்க. புள்ளி வச்சா நான் போய் எடுத்தேன்னு அர்த்தம். நான் எடுக்கல.”

“அப்ப உங்க பேரை எடுத்துடட்டுமா?”

அக்கா பாறையின் சூட்டில் செருப்பில்லாத காலை மாற்றி மாற்றி வைத்தார். “எடுத்துடுங்க சார்” என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. மேலதிகாரி மேல் இல்லை, இவர் மேல். இவ்வளவு படித்துவிட்டு, இவ்வளவு குளிரைத் தாங்கிவிட்டு, மூன்று புள்ளிக்காக யாராவது பெயரை விட்டுக்கொடுப்பார்களா? வேண்டாத பிடிவாதம் என்று நினைத்தேன். ஏனென்றால் அந்த மாதிரிப் புள்ளிகளை நான் மாதா மாதம் வைத்துக்கொண்டிருந்தேன்.

மலையூர்களின் ஊற்றுகளைச் சோதித்து மாதம் ஒரு படிவம் அனுப்ப வேண்டும். ஜீப் போகிற ஊருக்குப் போவேன். போகாத ஊருக்கு, போன மாதம் என்ன எழுதினேனோ அதையே எழுதுவேன். ‘நல்லது’. எப்போதும் நல்லதாகத்தானே வருகிறது? யாருக்கு என்ன குறைந்துவிட்டது? வைகாசியிலும் அப்படித்தான் செய்தேன். செவ்வாய்க்கிழமை பிடித்த மழையில் ஜீப் பாதி வழியில் திரும்பிவிட்டது. மலைமேலேயே டீக்கடையில் உட்கார்ந்து, தூரத்து ஊர் ஒன்றுக்கு ‘நல்லது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஊரில் வெள்ளிக்கிழமை திருவிழா. அந்த நாட்டு மலையூர் ஜனம் மொத்தமும் கூடும். அந்த ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் ஆளனுப்பித் தண்ணீர் எப்படி என்று கேட்டார். அந்தப் படிவத்துக்கே ஒரு நகல் எடுத்துக் கொடுத்தனுப்பினேன்.

புதன்கிழமை மத்தியானம் அப்பாவுக்கு மாத்திரை வாங்க வந்த அக்கா, என் மேசையிலிருந்த படிவத்தைப் பார்த்தார்.

“எப்ப எடுத்தது?”

“நேத்து.”

“நேத்து ஜீப் மேல போவல தம்பி. நான் அந்தக் கூட்டுரோட்டுலதான் மத்தியானம் வரைக்கும் அதுக்காக நின்னுக்கினு இருந்தேன்.”

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து மாத்திரைப் பட்டையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், “காலம்பற கிளம்புவோம். நடந்தா மத்தியானத்துக்குள்ள போய்ச் சேர்ந்துடலாம்” என்றார். யாரிடமும் சொல்லப் போவதாகச் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

வியாழக்கிழமை மத்தியானம் அந்த ஊர் ஊற்றில் தண்ணீர் எடுத்தோம். குடிக்கலாம் போல அவ்வளவு தெளிவு. ஒரு குப்பி அவர் வயிற்றில், ஒரு குப்பி என் வயிற்றில், துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தேன். அவருக்கு அந்த ஊரில் உறவு உண்டு. ராத்திரி அங்கேயே தங்கினோம். நான் குப்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையிலிருந்து ஜனம் வந்துகொண்டே இருந்தது. பம்பைச் சத்தம், பொங்கல் புகை, தலைக்கு மேல் வெயில். கோவில் முன்னால் பெரிய பெரிய அண்டாக்கள். அந்த ஊர் அம்மனுக்குப் பானகம்தான் முக்கியம். விரதமிருந்த பெண்கள் ஊற்றிலிருந்து மொண்டுவரும் பச்சைத் தண்ணீரில் வெல்லம் கரைப்பார்கள். அடுப்பேறிய தண்ணீர் அம்மனுக்கு ஆகாது. அம்மனுக்குப் படைத்ததும் கைக்குழந்தை முதல் எல்லாருக்கும் ஒரு வாயாவது ஊற்றுவார்கள். தண்ணீர் கெட்டிருந்தால் அந்த ஒரு வாய் மலை முழுக்கப் போய்ச் சேரும். ஆஸ்பத்திரிக்கு வர ஜீப் வேண்டும், ஜீப் வர வழி காய வேண்டும்.

பெண்கள் குடத்தோடு நின்றார்கள். ஊர்க்கவுண்டர் அக்காவிடம் வந்தார். அவருக்கு இவர் ஒருவகையில் மருமகள் முறை.

“இன்னாம்மா, உன் பாட்டிலு இன்னா சொல்லுது? நல்லதா, கெட்டதா?”

“இன்னும் தெரியல மாமா.”

“வெள்ளையாத்தான கீது?”

“இப்போதிக்கு வெள்ளையா கீது. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாக்கணும்.”

“அம்மனுக்கு இன்னிக்கும்மா! நாளைக்கு வந்து நல்லதுன்னு சொன்னா யாருக்கு?” கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். கவுண்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். என் கையெழுத்து வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. “இதோ, ஆஸ்பத்திரி சாரே எழுதிக் குடுத்துக்கீறாரு. அவரே இங்க நிக்கிறாரு. இன்னா சார், மொள்ளலாமா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் பார்க்கவில்லை. அவர் குப்பியை வெளியே எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண்ணின் இடுப்பில் ஒரு பிள்ளை, வெல்லக் கட்டி ஒன்றை வாயில் அதக்கிக்கொண்டு எச்சில் ஒழுக என்னையே பார்த்தது. தலையை ஆட்டினால் போதும். தண்ணீர் வெள்ளையாகத்தான் இருக்கிறது. பெரும்பாலும் நல்லதாகத்தான் இருக்கும்.

“அது... அன்னிக்கு நான் இங்க வர்லீங்க” என்றேன்.

“வர்லன்னா?”

“மழ. ஜீப் வர்ல. தண்ணி எடுக்காமயே எழுதிட்டேன்.”

ஒருவன் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். பின்னாலிருந்து ஒரு பெண், “புள்ளைங்க குடிக்கிற தண்ணியிலயாடா வெளயாடுவ?” என்று கத்தினாள். நான் தடுக்கவில்லை. அடி விழுந்திருந்தால் சுமை இறங்கியிருக்கும். கவுண்டர் அவன் கையை விலக்கினார். அந்தத் தாளைக் கிழிக்கவும் இல்லை, என் மூஞ்சியில் எறியவும் இல்லை. பழையபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று பானகம் அம்மனுக்கு மட்டும்தான். ஜனங்களுக்குச் சுக்குத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார்கள். அந்த வெயிலில் யார் குடிப்பார்கள்? பிள்ளைகள் அழுதார்கள். தூரத்திலிருந்து வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே மலை இறங்கினார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு குப்பியும் வெள்ளையாகவே இருந்தன. தண்ணீர் நல்ல தண்ணீர்தான். அக்கா நேரத்தைப் பார்த்து நோட்டில் ‘நல்லது’ என்று எழுதினார். நேராகக் கவுண்டர் வீட்டு வாசலுக்குப் போய் அதைச் சொன்னார். யாரோ உள்ளேயிருந்து, “வேலையத்துப்போய் சாமி காரியத்தைக் கெடுத்துட்டுப் போவுது பாரு” என்றார்கள். அவருக்கு அது கேட்டது. கண்கள் சிவந்தன. திரும்பி நடந்தார்.

திரும்பும் வழியில் நான் வெடித்தேன். “நல்ல தண்ணிதான! இதுக்குப் போயி ஊர் முன்னாடி என் மானம் போச்சு, உங்க மானமும் போச்சு. இன்னா சாதிச்சிட்டீங்க?”

“நீ எழுதனதும் நல்லது. இப்ப நான் எழுதனதும் நல்லது. அதனால ரெண்டும் ஒண்ணுன்றியா?”

“ஆமா, ஒண்ணுதான்!”

அவர் முன்னால் நடந்துவிட்டார். எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான். ஆனாலும் படிவத்தை அப்படியே விட முடியவில்லை. ‘நல்லது’ என்பதை அடித்து ‘எடுக்கவில்லை’ என்று திருத்தி, மேலே அனுப்பினேன். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதை யாருக்கும் காட்டவில்லை.

ஆனி மாதம் அவர் கிளம்பினார். அப்பா கொஞ்சம் தேறியிருந்தார், தம்பி வீட்டில் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. வடக்கே பனிப் பயிற்சி, அதன் பிறகு கப்பல், மறுபடி அந்தக் கடல். ஆலங்காயத்தில் பஸ் ஏற்றிவிட அவர் தம்பியோடு நானும் போயிருந்தேன். போனேனே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை.

“அந்த மூணு வாரத்த எடுத்துட்டு வர்றேன் தம்பி” என்றார் ஜன்னல் வழியாக.

“இந்த தபாவும் புயல் அடிச்சா?” என்னையும் மீறிக் கேட்டுவிட்டேன்.

“அடிச்சா மறுபடியும் காலிதான்.” சிரித்தார். பஸ் எடுத்துவிட்டார்கள். நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பெருமைக்காரன், கேட்கவில்லை.

ஆடியில் ஒரு வாரம் விடாமல் மழை. ஜீப் ஓடவில்லை. நான் நடந்தே அந்தத் திருவிழா ஊருக்குப் போனேன். போன தடவை பார்த்த அதே தெளிவில் ஊற்று நிறைந்து வழிந்தது. எடுத்து, துண்டில் சுற்றி வயிற்றில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடக் கட்டடத்தில் படுத்தேன். என்னை யாரும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. விடிந்ததும் துண்டை அவிழ்த்தேன். குப்பி மை மாதிரி கறுத்திருந்தது.

கவுண்டர் வீட்டுக்குக் கிளம்பினேன். இவர்கள் ஏன் என்னை நம்ப வேண்டும்? ஒரு தடவை பொய் எழுதினேன். நல்ல தண்ணீருக்குப் போய்த் திருவிழாப் பானகத்தை நிறுத்தினேன். வாசலில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். குப்பியை நீட்டி, “தண்ணி கெட்டுப் போய்க் கீதுங்க. காய்ச்சாம யாரும் குடிக்கக் கூடாது” என்றேன்.

“ஆரம்பிச்சிட்டான்யா” என்றான் ஒருவன், என் சட்டையைப் பிடித்தவன்தான். “அன்னிக்கும் இப்பிடித்தான். இவன் பேச்சக் கேட்டுக்கினு...”

கவுண்டர் குப்பியை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் இடுப்பில் தொங்கிய ஈரத் துண்டைப் பார்த்தார்.

“சும்மா இருடா. பொய் எழுதனத அத்தினி ஜனத்துக்கு முன்னாடி அவனே தன் வாயால சொன்னான். அவன் கறுப்புன்னா கறுப்புதான்” என்று எழுந்தார். தெருமுனைக்குப் போய், ஊற்றுப் பாதையைப் பார்த்து, கைகளை வாயருகே குவித்துக் கத்தினார்.

“ஏய், தண்ணி மொள்ளாதீங்க! மொண்டத ஊத்திடுங்க!”

பாதையில் குடங்களோடு ஏறிவந்துகொண்டிருந்த பெண்கள் நின்றார்கள். முன்னால் வந்தவள் ஏன் என்று கேட்கவில்லை. தலையிலிருந்த குடத்தை இறக்கி, அப்படியே மண்ணில் கவிழ்த்தாள்.